தண்ணீர் பார்க்கப் போகலாமா?

லீவு வந்துவிட்டால் வீட்டில் ஒரே கேள்விதான்: "இந்தத் தடவை எங்கே போகலாம்?" குழந்தைகள் குற்றாலம் என்பார்கள். அவர் ஒகேனக்கல் என்பார். மாமியாரோ, எந்த ஊரானாலும் சரி, ஒரு கோயில் இருக்க வேண்டும் என்பார். இந்த மூன்று கட்சிக்கும் சமாதானம் செய்து வைக்கக்கூடிய ஊர் ஒன்று சொல்கிறேன். கான்சாபுரம்!

"அது எங்கே இருக்கிறது?" என்றுதானே கேட்கிறீர்கள்? சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை ரயிலில் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கலாம். அங்கிருந்து மதுரைச் சாலையில் வந்து, கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அந்தப் பக்கத்து மனிதர்கள் வாயில் அது "வத்ராப்". அதற்கும் மேற்கே, மலையை நோக்கிப் போகும் சாலையில், கூமாபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது கான்சாபுரம். இன்னும் போனால் மலையடிவாரம், பிளவக்கல் அணை.

கூமாபட்டி என்றதும் உங்களில் பலர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம், "ஏங்க, கூமாபட்டிக்கு வாங்க" என்று உள்ளூர் இளைஞர் ஒருவர் அழைத்த சிறு படம் கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது அல்லவா? அவ்வளவுதான்! கார் கட்டிக்கொண்டு ஜனங்கள் புறப்பட்டு விட்டார்கள். வந்த பிறகுதான் தெரிந்தது, அணையில் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று. மாற்றுத் துணியுடன் வந்தவர்கள் முகம் வாடித் திரும்பினார்கள்.

அவர்கள் ஏமாந்ததற்கு அந்த ஊர்த் தண்ணீர் பொறுப்பல்ல. அந்தத் தண்ணீருக்கு வேறு வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போனால், குளிக்காமலே மனம் குளிர்ந்து வரலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு இது. தென்மேற்குப் பருவமழையின் பெரும் பங்கை மலைக்கு அந்தப் பக்கத்துக் கேரளம் எடுத்துக் கொள்கிறது. இந்தப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் முக்கியமாக நம்பி வாழ்கிறது. பெய்கிற அந்தச் சில வாரங்களில் ஓடைகள் எல்லாம் துள்ளிக் குதித்து ஓடும். பிறகு மணலும் பாறையுமாகக் கிடக்கும். துள்ளி ஓடும் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கென்றே 1970-களில் இங்கே பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள் கட்டினார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் பிளவக்கல் திட்டம். பெரியாறு என்றதும் முல்லைப் பெரியாற்றை நினைத்துக் கொள்ளாதீர்கள், இது வேறு. இதன் உயரம் சுமார் 47 அடி. கோவிலாறு அணை சுமார் 42 அடி. மேட்டூரைப் பார்த்தவர்களுக்குச் சிறு பிள்ளைகள்தாம். ஆனால் சுமார் 40 கண்மாய்கள் இந்தச் சிறு பிள்ளைகளின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்கின்றன.

முதல் தேதி வரும் சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுத்துப் பிடிக்கும் வித்தை உங்களுக்குத் தெரியாததா? பால்காரனுக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் சம்பளத்துக்கு இவ்வளவு, எதிர்பாராத செலவுக்கு ஒரு முடிச்சு! அதே வித்தைதான் இங்கே தண்ணீரில் நடக்கிறது. அணையில் மதகைத் திறந்தால் கால்வாய். கால்வாய் வழியே கண்மாய். ஒரு கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கண்மாயின் மடை வழியே வயலுக்கு வரும். நெல் கதிர் பிடிக்கிற சமயத்தில் ஒரு நனைப்புத் தண்ணீர் குறைந்தால் போதும், ஒரு குடும்பத்தின் வருஷச் சாப்பாடே ஆட்டம் கண்டுவிடும்.

இந்த அருமை தெரிந்த மனிதர் ஒருவரின் பெயரைத்தான் கான்சாபுரம் தாங்கி நிற்கிறது என்பது இவ்வட்டாரத்து வழக்கு. கான் சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப்கானைத்தான் சொல்கிறேன். மருதநாயகம் என்றால் இன்னும் நன்றாகத் தெரியும். கும்பினிப் படையில் தளபதியாக இருந்து, 1759 முதல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்தவர். வாளுக்குப் பெயர் போன இவர், குளங்களையும் வாய்க்கால்களையும் சீர்ப்படுத்தியதற்கும் பெயர் பெற்றார். பிறகு ஆற்காட்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார். 1764 அக்டோபர் 15-ஆம் தேதி மதுரையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் போய் இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் மட்டும் இன்னும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, போனால் என்ன பார்ப்பது? மார்கழி, தை மாதங்களில் போங்கள். மழை ஓய்ந்து, கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் சமயம். அணையிலிருந்து தண்ணீர் வரும் வழியிலேயே நீங்களும் கிழக்கே வாருங்கள். மலை, கால்வாய், கண்மாய்க் கரை, மடை, பச்சை வயல், தென்னந்தோப்பு! "சோறு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் "குக்கரிலிருந்து" என்று சொல்லும் நகரத்துக் குழந்தைக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் ஏது? கொண்டுபோன புளியோதரையைக் கரையில் நிழல் பார்த்துச் சாப்பிடலாம். இலையையும் காகிதத்தையும் மட்டும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். கண்மாயில் போட்டால் அது அடுத்த மடையில் போய் அடைத்துக்கொள்ளும்.

ஓடையில் கால் நனைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் தாணிப்பாறை இருக்கிறது. சதுரகிரி மலை ஏறுகிறவர்கள் அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். 2015 மே மாதம், அமாவாசையை ஒட்டி வந்த பக்தர்களை அந்த மலையில் திடீர் வெள்ளம் சூழ்ந்தது. பலர் உயிரிழந்தார்கள். காட்டாற்றின் குணம் இதுதான்: உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்; மலை உச்சியில் மழை கொட்டும். கணுக்கால் அளவுத் தண்ணீர், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு வந்துவிடும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, துணியையும் பாத்திரத்தையும் பார்க்காதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். வனத்துறையார் "இன்று வேண்டாம்" என்று தடுத்தால் அவர்களோடு வாதாடாதீர்கள்.

குழந்தைகளின் கட்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு இருக்கிறது. மீன்வெட்டிப் பாறை என்ற அருவி அங்கேதான். ஓடைக்கரை மரங்களில் கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் சரணாலயம் ஆக்கிய காடு இது. நம் வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு பெரியது. பார்த்தால் கண்ணை எடுக்க மாட்டீர்கள். 2021-இல் இந்தக் காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. ஆகையால் அனுமதி உண்டா என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

மாமியாரின் கட்சிக்குக் குறையே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலும், மார்கழியில் ஆண்டாளுக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும் திருமுக்குளமும் இருக்கின்றன. கிழக்கே போனால் இருக்கன்குடி மாரியம்மன். அர்ச்சுனன் அம்பெய்து உண்டாக்கியதாக ஐதிகம் சொல்லும் அர்ச்சுனா நதி, அங்கேதான் வைப்பாற்றுடன் கலக்கிறது. கலந்த ஆறு மன்னார் வளைகுடாவுக்குப் போகிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே, அந்த நகரத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் அய்யனார் அருவியும் இருக்கின்றன. அங்கே மலையோரக் காட்டில் கோயில் கொண்டிருப்பவரின் பெயர் என்ன தெரியுமா? நீர் காத்த அய்யனார்!

சாமிக்கே "நீர் காத்தவர்" என்று பெயர் வைத்துக் கும்பிடுகிற சீமை இது. அங்கே விருந்தாளியாகப் போகிற நாம், அவர்கள் வீட்டுக் குடத்தில் கை விடாமல் பார்த்துவிட்டு வருவதுதானே மரியாதை? போய் வாருங்கள். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா வாங்க மறந்துவிடாதீர்கள். அது விஷயத்தில் மூன்று கட்சியும் ஒன்றுதான்!