உள்ளூர் மேசையிலிருந்து பெரிய போக்கர் மேசைக்கு

அமெரிக்காவில் சின்ன ஊர் கேசினோக்களிலும் மதுக்கூடங்களிலும் வாரம் ஒருநாள் போக்கர் போட்டி வைப்பது வழக்கம். நுழைவுக் கட்டணம் 50, 60 டாலர் இருக்கும். இருபது முப்பது பேர் வருவார்கள், அவர்களில் பாதிப் பேர் தெரிந்த முகங்கள். இரவு பதினோரு மணிக்குள் எல்லாம் முடிந்து வீட்டுக்குப் போய்விடலாம். இப்படிப்பட்ட போட்டிகளில் அடிக்கடி கடைசி மேசை வரை வந்துவிடுகிறவருக்கு, பெரிய இடத்தில் ஆடிப் பார்த்தால் என்ன என்று ஒருநாள் தோன்றும். நியாயமான ஆசைதான். அந்த அளவுக்குத் தனக்குத் திறமை இருக்கிறதா என்று அவர் யோசிப்பார். அதற்கு முன்னால், இத்தனை நாள் தான் ஆடிப் பழகியது எந்த ஆட்டம் என்பதை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். சீட்டும் விதியும் ஒன்றாக இருந்தாலும் சின்னப் போட்டியும் பெரிய போட்டியும் வேறு வேறு ஆட்டங்கள். அப்படி ஆக்குவது கடிகாரம்.

போக்கர் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பெரும்பாலான இடங்களில் ஆடப்படுவது ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று சேர்ந்து ஃப்ளாப், பிறகு ஒன்று டர்ன், கடைசி ஒன்று ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், விலகலாம். சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாகப் போட வேண்டிய தொகைக்கு சின்ன பிளைண்ட், பெரிய பிளைண்ட் என்று பெயர். போட்டிகளில் இந்த பிளைண்ட் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகும்.

ஓர் உள்ளூர் போட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது பேர், ஆளுக்கு 10,000 சிப்ஸ், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிளைண்ட் உயர்வு. மனித டீலர் சீட்டுப் போடும் மேசையில் மணிக்கு 25 முதல் 30 கைகள்தான் ஆட முடியும். அப்படியானால் ஒரு பிளைண்ட் நிலைக்குள் ஆறேழு கைகள்தான் கிடைக்கும். ஒன்பது பேர் உட்கார்ந்த மேசையில் ஒரு சுற்றுகூட முடியாது. இரண்டரை மணி நேரம் போனதும் பெரிய பிளைண்ட் 2,000 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரங்கில் இருக்கும் மொத்த சிப்ஸே 2,00,000தான், அதாவது நூறு பெரிய பிளைண்ட். எட்டுப் பேர் மிச்சம் இருந்தால் ஆளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை. இந்த நிலையில் செய்ய முடிவது இரண்டே காரியம்: முழுவதையும் தள்ளுவது, இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிடுவது. எந்தச் சீட்டோடு, எந்த இருக்கையிலிருந்து தள்ளலாம் என்பதற்கு மனப்பாடம் செய்துவிடக்கூடிய அட்டவணைகளே இருக்கின்றன. அதை நன்றாகத் தெரிந்தவர் உள்ளூரில் ஜெயிப்பார். அதுவும் உண்மையான திறமைதான். ஆனால் ஃப்ளாப்புக்குப் பிறகு வரும் ஆட்டம் அவருக்கு ஏறக்குறையப் பழக்கமே இல்லாமல் போய்விடுகிறது.

லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கரின் முதன்மைப் போட்டியை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தத் தொடரை 1970இல் பென்னி பினியன் தன் ஹார்ஸ்ஷூ கேசினோவில் தொடங்கினார். முதன்மைப் போட்டியின் நுழைவுக் கட்டணம் 1972 முதல் 10,000 டாலர். இப்போது ஆளுக்கு 60,000 சிப்ஸ் கொடுக்கிறார்கள், பிளைண்ட் 100, 200இல் தொடங்குகிறது. முந்நூறு பெரிய பிளைண்ட் கையில் இருக்கிறது, ஒவ்வொரு நிலையும் இரண்டு மணி நேரம் நீடிக்கிறது. உள்ளூரில் ஆறேழு கைகள் கிடைத்த இடத்தில் இங்கே ஐம்பது கைகளுக்கு மேல் கிடைக்கும். யாருக்கும் அவசரம் இல்லை. தள்ளு அல்லது போடு என்ற அட்டவணையைத் தொட வேண்டிய தேவையே முதல் நாளில் பலருக்கு வராது.

இந்த வித்தியாசம் எங்கே வலிக்கும் என்பதை ஒரு கையில் காட்டுகிறேன். உங்களிடம் ஏஸும் ஜாக்கியும். ஃப்ளாப்பில் ஜாக்கி, 7, 4 வருகிறது. மேசையில் இருக்கும் பெரிய சீட்டோடு உங்களுக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. உள்ளூர் போட்டியாக இருந்தால் இங்கேயே முழுவதையும் தள்ளியிருப்பீர்கள், அது சரியாகவும் இருந்திருக்கும். பெரிய போட்டியின் முதல் மணி நேரத்தில் இதே கை எப்படிப் போகும்? ஆரம்பத்தில் நீங்கள் 500 போட்டீர்கள், ஒருவர் மட்டும் கூட வந்தார். பிளைண்ட்களையும் சேர்த்து, பந்தயங்கள் குவியும் பாட்டில் 1,300. ஃப்ளாப்பில் 800 போடுகிறீர்கள், அவரும் போடுகிறார். டர்னில் 2. நீங்கள் 2,000 போடுகிறீர்கள், அவரும் போடுகிறார். ரிவரில் 9. நீங்கள் 4,500 போட்டதும் அவர் நிதானமாக 20,000க்கு உயர்த்துகிறார். இன்னும் 15,500 போட்டால்தான் அவர் சீட்டைப் பார்க்க முடியும். போட்டுவிட்டால் பாட் ஏறக்குறைய 47,000 ஆகும். மூன்று தடவைக்கு ஒரு தடவையாவது நீங்கள் ஜெயித்தால்தான் கணக்கு நேராகும். ரிவரில் இப்படி உயர்த்துகிற பொழுதுபோக்கு ஆட்டக்காரரிடம் மூன்று ஏழோ, மூன்று நான்கோ, இரண்டு ஜோடியோ இருப்பதுதான் வழக்கம். சீட்டைப் போட்டுவிட வேண்டும். ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய பாட் வரை போகலாம் என்ற அளவுணர்வு, உள்ளூர் போட்டி கற்றுத்தராத முதல் பாடம்.

கஷ்டம் என்னவென்றால், எதிரில் இருப்பவர் தேர்ந்தவராக இருந்தால் இந்தப் பாடமும் போதாது. நீங்கள் சீட்டைப் போட்டுவிடுவீர்கள் என்று தெரிந்தே அவர் உயர்த்துவார். போக்கர் வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட கைகளில் ஒன்று இந்த வகைதான். 2003 முதன்மைப் போட்டியின் கடைசி இருவர், டென்னசி மாநிலத்துக் கணக்காளரான கிறிஸ் மனிமேக்கரும் தொழில்முறை ஆட்டக்காரரான சாமி ஃபர்ஹாவும். ஃபர்ஹாவிடம் ராணியும் ஒன்பதும். ஃப்ளாப்பில் 9, 2, 6 வந்ததால் பெரிய ஜோடி அவருடையது. மனிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். டர்னில் இஸ்பேட் 8 விழுந்தபோது, இன்னும் ஒரு இஸ்பேட் வந்தால் ஐந்து இஸ்பேட் சேர்ந்த ஃப்ளஷ், ஒரு 5 அல்லது 10 வந்தால் ஐந்து தொடர் சீட்டுகளின் வரிசை என்று மனிமேக்கருக்கு இரண்டு வழி திறந்திருந்தது. அவர் உயர்த்தினார், ஃபர்ஹா விடவில்லை. ரிவரில் வந்ததோ ஒரு 3. மனிமேக்கர் கையில் ஒன்றுமே சேரவில்லை. ஃபர்ஹா பந்தயம் கட்டாமல் செக் சொன்னதும் மனிமேக்கர் முழுவதையும் தள்ளினார். ஃபர்ஹா நீண்ட நேரம் யோசித்துவிட்டு, ஜெயிக்கிற சீட்டைப் போட்டுவிட்டார். நான் மேலே சொன்ன ஏஸ் ஜாக்கி கையில் விலகியது சரி, இங்கே விலகியது நஷ்டம். எந்த ஆளிடம் எது என்று பிரித்துப் பார்க்க, அந்த ஆள் முந்தைய இரண்டு மணி நேரம் எப்படி ஆடினார் என்று கவனித்திருக்க வேண்டும். கை ஆடாத நேரத்தில் கைபேசியைப் பார்க்கும் பழக்கத்தைப் பெரிய மேசைக்குப் போகும் முன்பே விட்டுவிடுவது நல்லது.

மனிமேக்கர் கதையை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்ல வேண்டும். அவர் 10,000 டாலர் கட்டி உள்ளே வரவில்லை. இணையத்தில் 86 டாலர் தகுதிப் போட்டி ஒன்றில் ஜெயித்து அந்த இடத்தைப் பெற்று, கடைசியில் 25 லட்சம் டாலர் வென்றார். அந்த ஆண்டு 839 பேர் ஆடினார்கள். மூன்றே ஆண்டுகளில் அது 8,773 ஆனது. சேட்டிலைட் எனப்படும் தகுதிப் போட்டிகள் இன்றும் நல்ல ஏணிதான். இந்தியாவில் 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டதால் இணைய வழி இங்கே இல்லை. ஆனால் அமெரிக்க கேசினோக்களில் நேரில் ஆடும் சேட்டிலைட்டுகள் தாராளமாக நடக்கின்றன. ஏணியில் ஏறி வென்றவரின் பெயர் நமக்குத் தெரியும், அதே ஏணியில் 86 டாலரை விட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. வாரம் மூன்று சேட்டிலைட் ஆடினால் அதுவே ஒரு பெரிய செலவு என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி உடைத்தே பேசுவோம். 60 டாலர் உள்ளூர் போட்டியில் 15 டாலர் நடத்துபவருக்குப் போவது அரிதல்ல. நான்கில் ஒரு பங்கு ஆட்டம் தொடங்கும் முன்பே கழிந்துவிடுகிறது. 10,000 டாலர் முதன்மைப் போட்டியில் கழிவு 7 சதவீதம்தான், 9,300 டாலர் பரிசுத் தொகைக்குப் போகிறது. விகிதத்தைப் பார்த்தால் பெரிய போட்டியே மலிவு. ஆனால் 2023இல் கலந்துகொண்ட 10,043 பேரில் 1,507 பேருக்குத்தான் பரிசு கிடைத்தது, அதிலும் குறைந்தபட்சம் 15,000 டாலர். நூறில் எண்பத்தைந்து பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஐந்து போட்டிக்கு ஒருமுறை பரிசு வாங்குகிற அளவுக்கு நல்ல ஆட்டக்காரர் ஒருவர் இருந்தால்கூட, தொடர்ந்து பத்துப் போட்டிகளில் எதுவும் கிடைக்காமல் போக அவருக்குப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பத்தும் அவர் தப்பாக ஆடியதால் போனவை அல்ல.

ஆடித்தான் பிழைக்கிறவர்கள் குறைந்தது நூறு நுழைவுக் கட்டணமாவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும் என்பார்கள். வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆடுகிறவருக்கு என் யோசனை எளிமையானது: ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைக் குடும்பத்துக்குத் தெரிந்தே பிரித்து வைத்துவிட வேண்டும். 4,000 டாலர் என்றால் 400 டாலர் போட்டி பத்து ஆடலாம், விமானச் செலவும் அறை வாடகையும் தனி. அது தீர்ந்தால் அந்த ஆண்டு ஆட்டம் முடிந்தது. வீட்டு வாடகையிலும் பிள்ளைகளின் படிப்புப் பணத்திலும் கை வைத்து ஏறியவர்கள் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை. விட்ட இடத்திலேயே பிடித்துவிடுவேன் என்ற எண்ணம் வந்த இரவில் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். தொடர்ந்து பல நாள் அந்த எண்ணமே வந்தால் அது உதவி கேட்க வேண்டிய நிலை, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பாரத்தைக் குறைக்கப் பங்கு விற்பதும் உண்டு. பெரிய போட்டிக்கு முன் நண்பர்கள் ஆளுக்கு 5 சதவீதம், 10 சதவீதம் வாங்கிக்கொள்வார்கள். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பங்கை மாற்றிக்கொள்வதும் சகஜம். எவ்வளவு என்பதை ஆட்டம் தொடங்கும் முன் ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுதிவிட வேண்டும். இந்தியாவிலிருந்து போய் ஆடுகிறவர் வென்றால் அமெரிக்காவில் 30 சதவீத வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள், பங்குக் கணக்கில் இதையும் முன்கூட்டியே பேசிவிடுவது உத்தமம்.

இனி, வழி எது? உள்ளூர் போட்டியிலிருந்து நேராகப் பெரிய போட்டிக்குப் போவதைவிட, நடுவில் சில மாதங்கள் கேஷ் ஆட்டம் ஆடுவது நல்லது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கேஷ் ஆட்டத்தில் பிளைண்ட் ஏறாது. அமெரிக்காவில் 1 டாலர், 3 டாலர் பிளைண்ட் மேசைதான் பல ஊர்களில் அடிப்படை. 300 டாலரோடு உட்கார்ந்தால் நூறு பெரிய பிளைண்ட். டர்னிலும் ரிவரிலும் முடிவெடுக்கும் பழக்கம் அங்கேதான் வரும், ஒவ்வொரு சிப்ஸும் உண்மையான டாலர் என்பதால் கவனமும் கூடும். மேசை பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடலாம், போட்டியில் அந்த வசதி கிடையாது. அங்கேயும் கேசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் சில டாலர் எடுக்கும், டீலருக்கு ஒரு டாலர் கொடுப்பது மரபு. இரண்டும் சேர்ந்தால் மணிக்கணக்கில் கணிசமான தொகை. கூடவே ஒரு நோட்டு வைத்து, எத்தனை மணி நேரம், எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று விடாமல் எழுதி வந்தால் தன் ஆட்டத்தின் நிலை தெரியும்.

பெரிய இடங்களில் மேசை விதிகளும் கண்டிப்பாகின்றன. நண்பர்கள் கூட்டத்தில் யாரும் கண்டுகொள்ளாதவை இங்கே பணத்தைத் தின்றுவிடும். 200 பந்தயம் வந்திருக்கும்போது, உயர்த்தும் எண்ணத்தோடு ஒரே ஒரு 1,000 சிப்ஸை வாய் திறக்காமல் முன்னால் வைத்தால் அது வெறும் கால், அதாவது அந்த 200க்கு ஈடு கட்டுவது என்றே எடுத்துக்கொள்வார்கள். உயர்த்துவதாக இருந்தால் முதலில் வாயால் சொல்லிவிட வேண்டும், சொன்ன சொல் கட்டுப்படுத்தும். சிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்த்துவதும் செல்லாது. போட்டி இயக்குநர்கள் 2001இல் சங்கம் அமைத்து இந்த விதிகளைப் பொதுவாக்கினார்கள். அந்த விதித் தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது, ஒரு மாலையில் படித்துவிடலாம்.

அடுத்த படியாக, வேர்ல்ட் சீரிஸ் நிறுவனமே அமெரிக்காவின் பல ஊர்களில் நடத்தும் சர்க்யூட் தொடர்கள் பொருத்தமானவை. 400 டாலர் அளவில் பல போட்டிகளும், 1,700 டாலரில் ஒரு முதன்மைப் போட்டியும் இருக்கும். பதிவு செய்யும் முன் நான்கு விஷயங்களைக் கவுன்ட்டரில் கேளுங்கள்: தொடக்க சிப்ஸ் எவ்வளவு, ஒரு நிலை எத்தனை நிமிடம், கழிவு எவ்வளவு, தோற்றால் மறுபடி பணம் கட்டி நுழைய அனுமதி உண்டா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். மறு நுழைவு உள்ள 400 டாலர் போட்டிக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் 1,200 டாலரை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார். முதல் மணி நேரங்களில் அவர் துணிந்து ஆடுவதும் அதனால்தான். ஒருமுறை மட்டும் நுழைவது என்று முடிவு செய்துகொண்டு போகிறவர் அந்தத் துணிச்சலைப் பார்த்துத் தானும் அப்படி ஆட முயலக்கூடாது. ஒதுக்கிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துவிட்டால் பழைய மேசைக்குத் திரும்பிவிடலாம். தேர்ந்தவர்களும் இப்படி இறங்கி ஏறித்தான் ஆடுகிறார்கள்.