சுள்ளியை சாம்பலாக்காதீங்க... மண்ணுக்கு தெம்பு தரும் உயிர்க்கரி! பச்சையாக கொட்டினால் பயிருக்கு ஆபத்து

ராமநாதபுரம்,-

அறுவடை முடிந்ததும் பருத்தி மார், மிளகாய் மார், வரப்போரம் வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள் எல்லாவற்றையும் குவித்து ஒரு தீக்குச்சி கிழித்துப் போடுவது வழக்கம். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் சாம்பல். மறுநாள் காற்று அடித்தால் அந்த சாம்பலும் காணோம்!

இதே சுள்ளியை சாம்பலாக விடாமல், கரியாக இருக்கும்போதே அணைத்துவிட்டால் அது பல வருஷத்துக்கு நிலத்துக்கு உதவும். இதற்குப் பெயர்தான் உயிர்க்கரி. 'பயோசார்' என்றும் சொல்கிறார்கள். ஆனால் கரிதானே என்று அப்படியே அள்ளி வயலில் கொட்டினால், அந்த போகத்துப் பயிர் மஞ்சளடித்து நின்றுவிடும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

உரம் அல்ல... வீடு!

உயிர்க்கரியை உரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது உரம் அல்ல. யூரியா மாதிரி சத்து அதில் கிடையாது. கரித்துண்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டைகள் ஏராளம். தண்ணீரும், கரைந்த சத்துகளும் அதற்குள் தங்கும். நுண்ணுயிர்கள் குடியிருக்கும். மணல் பாங்கான நிலத்தில் ஊற்றிய தண்ணீர் உடனே கீழே இறங்கிவிடாமல் பிடித்து வைக்கும்.

மட்கும் குப்பை ஒன்றிரண்டு வருஷத்தில் கரைந்துவிடும். கரி லேசில் மட்காது. தென் அமெரிக்காவின் அமேசான் காட்டில் பழங்குடி மக்கள் கரி, எலும்பு, குப்பை கலந்து உண்டாக்கிய கறுப்பு மண், ஆயிரம் வருஷம் தாண்டியும் இன்னும் வளமாக இருக்கிறது.

குழி வெட்டும் முறை

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் கரிமூட்டம் போடுவது பழைய தொழில். விறகை அடுக்கி மண் பூசி நாள் கணக்கில் புகைய விடுவார்கள். உயிர்க்கரிக்கு அவ்வளவு பாடு வேண்டாம். தடி விறகை மூட்டத்துக்கு விற்றுவிட்டு, மீதி கிடக்கும் சுள்ளி, மிலாரை வைத்தே செய்யலாம். 2, 3 மணி நேர வேலைதான்.

* வாய் 5 அடி அகலம், நடுவில் 2½ அடி ஆழம் இருக்கும்படி புனல் வடிவில் குழி வெட்ட வேண்டும்.

* சுள்ளி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் புகைதான் மிச்சம். பெயிண்ட் அடித்த மரம், பிளாஸ்டிக் கூடவே கூடாது.

* அடியில் கொஞ்சம் சுள்ளி அடுக்கி, மேலே இருந்து தீ வைக்க வேண்டும். தீ மேலே எரிந்தால் புகையும் அதிலேயே எரிந்துவிடும். அடியில் இருக்கும் கரிக்குக் காற்று போகாது. அதனால் சாம்பலாகாது.

* மேல் சுள்ளியில் வெள்ளையாக சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் அடுத்த அடுக்கு போட வேண்டும். குழி நிறையும் வரை இப்படியே செய்ய வேண்டும்.

* கடைசி அடுக்கும் கரியானதும், தயாராக வைத்திருக்கும் 10, 15 குடம் நல்ல தண்ணீரை ஊற்றி அணைக்க வேண்டும். ஆவி குப்பென்று கிளம்பும். காற்று வரும் பக்கமாக நின்று ஊற்ற வேண்டும். தண்ணீர் இல்லாத இடத்தில் காற்று புகாமல் மண் போட்டு மூடலாம்.

100 கிலோ காய்ந்த சுள்ளிக்கு சுமார் 20 கிலோ கரி கிடைக்கும். கரியைக் கையில் தேய்த்துப் பார்த்தால், வெறும் தண்ணீரில் கழுவியதும் போய்விட வேண்டும். எண்ணெய் மாதிரி பிசுபிசுத்தால் சரியாக வேகவில்லை என்று அர்த்தம்.

உஷார்... உஷார்!

அணைந்த மாதிரி தெரியும் கரிக்குள் கங்கு இருக்கும். அதை சாக்கில் கட்டி வீட்டுக்குள் வைத்தால் ராத்திரியில் பற்றிக்கொள்ளும். நச்சுப் புகையும் கிளம்பும். எனவே ஒரு நாள் முழுக்க வெளியில் பரப்பி வைத்து, சூடு இல்லை என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகே அள்ள வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் தீ வைக்கக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடக்கூடாது. கரியை உடைக்கும்போது ஈரமாக வைத்து, மூக்கில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் கரிக்கு சாப்பாடு

மிளகு முதல் கடலை வரையிலான அளவில் கரியை உடைத்துக்கொள்ள வேண்டும். இப்போது கரி பசியோடு இருக்கும். இதை அப்படியே மண்ணில் போட்டால், பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்தை கரி உறிஞ்சிக்கொள்ளும். பயிர் வெளுத்துப் போவது இதனால்தான்.

எனவே ஒரு கூடை கரிக்கு ஒரு கூடை மட்கிய தொழுவுரம் கலந்து, மாட்டுக் கோமியம் தெளித்து, நிழலில் குவித்து வைக்க வேண்டும். ஈரம் காயாமல் 2 வாரம் விட வேண்டும். அதன்பிறகு கரி தின்ற சத்தை கொஞ்சம் கொஞ்சமாக பயிருக்குக் கொடுக்கும்.

எல்லா மண்ணுக்கும் ஆகுமா?

ஆகாது! 2017-ம் ஆண்டு வெளியான சர்வதேச ஆய்வில், வெப்ப நாடுகளில் உயிர்க்கரி போட்ட நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியது தெரியவந்தது. குளிர் நாடுகளில் அந்தப் பலன் இல்லை. வெப்ப நாடுகளில் சத்து குறைந்த புளிப்பு மண் அதிகம் என்பதே இதற்குக் காரணம். கரியில் ஒட்டியிருக்கும் சாம்பல் சுண்ணாம்பு மாதிரி வேலை செய்து புளிப்பைக் குறைக்கும்.

ஆனால் களர் நிலத்தில் ஏற்கனவே காரம் அதிகம். அங்கே கரி போட்டால் காரம் இன்னும் ஏறக்கூடும். எனவே வேளாண்மை துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணைக் கொடுத்து கார அமில நிலை பார்த்துவிட்டு இறங்குவதே நல்லது. கார அமில நிலை 8.5-ஐ தாண்டினால் அவசரப்பட வேண்டாம்.

ஒரு சென்ட் போதும்

ஒரு சென்டுக்கு 20 கிலோ கரி என்று வைத்தால், ஏக்கருக்கு 2 டன் ஆகிறது. அதற்கு 10 டன் சுள்ளி வேண்டும். சிறு விவசாயிக்கு இது கட்டுப்படியாகாது. நிலம் முழுக்க இறைக்காமல் மிளகாய் நாற்று நடும் குழி, காய்கறிப் பாத்தி, மரக்கன்று குழி என்று வேர் இருக்கும் இடத்தில் மட்டும் போடலாம். மிளகாய்க்கு செடிக்கு ஒரு கைப்பிடி கலவை போதும்.

முதல் போகத்தில் ஒரு சென்டில் மட்டும் கரி போட்டு, பக்கத்திலேயே ஒரு சென்டை கரி போடாமல் விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே அளவு தொழுவுரம், ஒரே தண்ணீர். காய் பறிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக எடை போட்டால் தராசே சொல்லிவிடும், அடுத்த போகத்துக்கு குழி வெட்டலாமா, வேண்டாமா என்று!