நொடித்த விமான நிறுவனமும் எல்லைக் கிராமங்களும்

கேரளத்தின் தென்கோடியில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை வட்டாரத்தில், பாறசாலை, காரோடு, குளத்தூர், வெள்ளறடை முதலிய ஊராட்சிகள் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு ஆட்சியைப் பிரித்ததே அன்றி, மக்களின் உறவையும் மொழியையும் பிழைப்பையும் பிரித்துவிடவில்லை. களியக்காவிளைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மக்களுக்கு அண்மையிலுள்ள விமான நிலையம் திருவனந்தபுரமே. அங்கிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றோர் அனுப்பும் பணம் இவ்வூர்களில் பல குடும்பங்களின் வருவாய்க்கு அடிப்படையாக இருந்து வருகிறது.

இத்தகைய பகுதியில் ஒரு விமான நிறுவனம் நொடித்துப் போவது, பங்குச் சந்தையோடு முடிந்துவிடும் செய்தி ஆகாது. நுழைவு அனுமதி காலாவதியாகுமுன் பணியிடம் சேர வேண்டிய தொழிலாளியையும், முன்பணம் செலுத்திப் பயணச்சீட்டு வாங்கிய குடும்பத்தையும், அதனை விற்றுக் கொடுத்த சிறு பயண முகவரையும் அது நேரடியாகத் தாக்குகிறது. நொடித்த நிறுவனத்தைச் சீரமைக்கும் சட்டம் எவ்வாறு செயற்படுகிறது, விமானத் தொழிலில் அது ஏன் இடர்ப்படுகிறது, அதில் எளிய மனிதனின் இடம் யாது என்பன ஆராயத்தக்கவை.

சட்டத்தின் நோக்கம்

கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலை நொடிப்பு எனப்படும். நொடித்த நிறுவனத்திற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதன் சொத்துகளை விற்றுக் கிடைத்ததைக் கடன் கொடுத்தோருக்குப் பங்கிட்டு நிறுவனத்தையே கலைத்துவிடுவது. மற்றொன்று, கடன்களை மாற்றியமைத்து, புதிய முதலீட்டாளரைக் கொணர்ந்து, தொழிலைத் தொடர்ந்து நடத்துவது. இயங்கும் தொழிற்சாலைக்கு உள்ள மதிப்பு, அதன் எந்திரங்களைத் தனித்தனியே விற்றால் கிடைப்பதில்லை. ஆகையால் இரண்டாவது வழியே யாவர்க்கும் நன்மை பயப்பதெனக் கருதப்படுகிறது.

இந்தியாவில் இதற்கான முழுமையான சட்டம் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டமாகும். அதற்கு முன்னர் செயலிழந்த கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ், சீரமைப்புக்கான வாய்ப்பின்றி 2012 அக்டோபரில் பறத்தலை நிறுத்தியது. 2016 நவம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதனைக் கலைக்க ஆணையிட்டது. புதிய சட்டத்தின்படி, தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் மனுவை ஏற்றவுடன் நிறுவனத்தின் மீதான வழக்குகளும் வசூல் நடவடிக்கைகளும் நிறுத்திவைக்கப்படுகின்றன. நிர்வாகம் பழைய இயக்குநர்களிடமிருந்து தீர்வு வல்லுநர் ஒருவரிடம் செல்கிறது. வங்கி முதலிய நிதிக்கடன் கொடுத்தோர் அடங்கிய குழு, வந்துள்ள தீர்வுத் திட்டங்களை ஆராய்ந்து, 66 விழுக்காட்டுக்குக் குறையாத வாக்குகளால் ஒன்றை ஏற்கிறது. இப்பணி 180 நாட்களில் முடிய வேண்டும். 90 நாட்கள் நீட்டிக்கலாம். வழக்குகளுக்காகும் காலம் உட்பட 330 நாட்கள் என்னும் வரம்பை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. எத்திட்டமும் தேறாவிடில் நிறுவனம் கலைக்கப்படும்.

உருகும் சொத்து

உருக்காலை ஒன்று ஓராண்டு மூடிக் கிடந்தாலும் அதன் நிலமும் உலையும் அங்கேயே இருக்கும். விமான நிறுவனத்தின் நிலை வேறு. அதன் விமானங்களுட் பெரும்பாலானவை குத்தகைக்குப் பெறப்பட்டவை. வாடகை தவறினால் உரிமையாளர் மீட்டுச் சென்றுவிடுவார். விமான நிலையங்களில் புறப்படவும் இறங்கவும் ஒதுக்கப்பட்ட நேரங்கள் அரசின் ஒதுக்கீடுகள். பயன்படுத்தாவிடில் பிறருக்குச் சென்றுவிடும். விமானிகளும் பொறியாளர்களும் வேறு நிறுவனங்களில் சேர்ந்துவிடுவர். எஞ்சுவது பெயரும் பயணிகளின் நம்பிக்கையுமே. பறத்தல் நின்ற நாள் தொட்டு அந்நம்பிக்கையும் தேயத் தொடங்கும்.

எனவே விமான நிறுவனத்தின் சீரமைப்பில் தலையாய விதி ஒன்றே: பறந்துகொண்டிருக்கும்போதே சீரமைப்பைத் தொடங்க வேண்டும். ஜப்பான் ஏர்லைன்ஸ் 2010 ஜனவரியில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. அரசு ஆதரவு பெற்ற நிதியமைப்பு பணம் அளித்தமையால் அதன் சேவைகள் நிற்கவில்லை. பணியாளர் எண்ணிக்கையும் நட்டம் தந்த வழித்தடங்களும் கடுமையாகக் குறைக்கப்பட்டன. 2012 செப்டம்பரில் அதன் பங்குகள் மீண்டும் சந்தைக்கு வந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2011 நவம்பரில் தானே நீதிமன்றத்தை அணுகி, பறந்துகொண்டே கடன்களையும் ஊதிய ஒப்பந்தங்களையும் திருத்தி, 2013 டிசம்பரில் யு.எஸ். ஏர்வேஸ் நிறுவனத்துடன் இணைந்து வெளிவந்தது. அமெரிக்கச் சட்டப்படி, பழைய நிர்வாகம் நீதிமன்ற மேற்பார்வையில் தொடரலாம்; சீரமைப்புக் காலத்தில் புதிதாகக் கடன் தருவோருக்கு முன்னுரிமை வழங்கப்படும். இவ்விரு நிறுவனங்களிலும் ஊழியர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர் என்பதையும் மறத்தலாகாது.

ஜெட் ஏர்வேஸ் வழக்கு

இந்தியாவில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1993 மே மாதத்தில் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ், நாட்டின் முன்னணித் தனியார் விமான நிறுவனமாக வளர்ந்தது. 2007இல் ஏர் சஹாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2013இல் அபுதாபியின் எத்திஹாத் 24 விழுக்காட்டுப் பங்கை எடுத்தது. திருவனந்தபுரமும் அதன் சேவை பெற்ற நகரங்களுள் ஒன்று. குறைந்த கட்டண நிறுவனங்களின் போட்டி, எரிபொருள் விலையேற்றம், ரூபாய் மதிப்பின் சரிவு, சுமந்து வந்த கடன் ஆகியவை அதனை நெருக்கின. நிறுவனர் 2019 மார்ச்சில் விலகினார். இடைக்கால நிதி கிட்டாமையால் 2019 ஏப்ரல் 17 அன்று அமிர்தசரசிலிருந்து மும்பைக்குப் பறந்த விமானத்துடன் சேவை நின்றது.

பாரத ஸ்டேட் வங்கி தலைமையில் கடன் கொடுத்தோர் அளித்த மனுவை மும்பைத் தீர்ப்பாயம் ஏற்றது 2019 ஜூன் 20 அன்று. பறத்தல் நின்று இரண்டு மாதங்கள் கழித்தே சட்டத்தின் பாதுகாப்பு வந்தது. அதற்குள் குத்தகை விமானங்கள் பல திரும்பப் பெறப்பட்டிருந்தன. விமான நிலைய நேரங்கள் பிற நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன.

ஜலான்–கல்ராக் கூட்டமைப்பின் திட்டத்தைக் கடன் கொடுத்தோர் குழு 2020 அக்டோபரிலும், தீர்ப்பாயம் 2021 ஜூன் 22 அன்றும் ஏற்றன. மொத்தம் 4,783 கோடி ரூபாய் வழங்குவதாகவும், முதல் தவணையாக 350 கோடி செலுத்துவதாகவும் அத்திட்டம் கூறியது. 2022 மே மாதத்தில் விமான இயக்கச் சான்றிதழும் மீண்டும் கிடைத்தது. ஆயினும் பணம் செலுத்துவது குறித்தும் உத்தரவாதத் தொகை குறித்தும் வங்கிகளுக்கும் கூட்டமைப்புக்கும் வழக்கு நீண்டது. பயணிகள் விமானம் ஒன்றும் பறக்கவில்லை. இறுதியில் 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், அரசமைப்பின் 142ஆம் பிரிவின்கீழ் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி நிறுவனத்தைக் கலைக்க ஆணையிட்டது. கூட்டமைப்பு செலுத்தியிருந்த 200 கோடி ரூபாய் பறிமுதலாயிற்று. 150 கோடி ரூபாய் வங்கி உத்தரவாதத்தைப் பணமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி கிடைத்தது. 330 நாட்களில் முடிந்திருக்க வேண்டியது ஐந்தாண்டுகளுக்கு மேல் நீண்டு கலைப்பில் முடிந்தது.

விமானம் யாருடையது?

கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் 2023 மே 2 அன்று தானே தீர்ப்பாயத்தை அணுகியது. மறுநாளே அதன் விமானங்கள் நின்றன. கண்ணூரிலிருந்து வளைகுடாவுக்கு அந்நிறுவனம் இயக்கிய சேவைகளும் அத்துடன் முடங்கின. இங்கு எழுந்த வினா வேறு. நடவடிக்கைகளை நிறுத்திவைக்கும் சட்டப் பிரிவு, குத்தகைக்கு விட்டவர் தம் விமானங்களை எடுத்துச் செல்வதையும் தடுத்தது. பறக்காத விமானங்கள் தரையில் நின்று பழுதுற்றன. 2023 அக்டோபர் 3 அன்று மத்திய அரசு விமானங்களையும் எஞ்சின்களையும் அத்தடையிலிருந்து விலக்கி அறிவிக்கை வெளியிட்டது. 2024 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவை நீக்க ஆணையிட்டது. 2025 ஜனவரியில் அந்நிறுவனமும் கலைப்புக்குச் சென்றது.

விமானக் குத்தகை குறித்த கேப் டவுன் உடன்படிக்கையில் இந்தியா 2008இலேயே சேர்ந்திருந்தது. 2025ஆம் ஆண்டின் விமானப் பொருள்களில் உள்ள நலன்களைப் பாதுகாக்கும் சட்டம் அதற்கு உள்நாட்டுச் சட்ட வலிமை அளித்தது. இதனால் குத்தகையாளரின் அச்சம் குறைந்து வாடகை மலிவாகலாம் என்பது எதிர்பார்ப்பு. அதே வேளையில், நொடித்த நிறுவனத்திடமிருந்து விமானங்கள் விரைவில் பிரிந்துவிடும் என்பதால், சீரமைப்புக்கான அவகாசம் மேலும் சுருங்குகிறது. பறத்தல் நிற்குமுன் நடவடிக்கை தொடங்குவதன் தேவை முன்னிலும் மிகுந்துவிட்டது.

வரிசையில் கடைசி

கலைப்பில் கிடைக்கும் பணம் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுத்த வரிசைப்படி பங்கிடப்படும். நடவடிக்கைச் செலவுகள் முதலிடம் பெறும். அடுத்து, தொழிலாளரின் 24 மாத நிலுவையும் ஈடு பெற்ற கடனும் சமநிலையில் நிற்கும். பின்னர் ஏனைய ஊழியரின் 12 மாத ஊதியம், ஈடில்லா நிதிக்கடன், அரசின் நிலுவை என இறங்கி, எஞ்சிய கடன்கள் என்னும் படியில்தான் பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்தியவர் வருகிறார். அவருக்குக் கீழே உள்ளோர் பங்குதாரர் மட்டுமே. பறக்காத பயணத்துக்கு முன்பணம் கொடுத்தவர், உண்மையில் அந்நிறுவனத்துக்கு ஈடின்றி, வட்டியின்றிக் கடன் கொடுத்தவரே. எனினும் கடன் கொடுத்தோர் குழுவில் அவருக்கு வாக்கில்லை.

ஊழியர்க்கு ஒரு பாதுகாப்பு உண்டு. வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் முழுமையாக வழங்கப்பட வேண்டும் என ஜெட் ஏர்வேஸ் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கூறியதை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் உறுதிசெய்தது. பயணிக்கு அத்தகைய அரண் இல்லை.

அவர் தம் உரிமையை நிலைநாட்டவேனும், அறிவிப்பில் குறித்த நாளுக்குள் தீர்வு வல்லுநரிடம் சான்றுகளுடன் கோரிக்கை அளித்தாக வேண்டும். அறிவிப்பு இணையத்திலும் நாளிதழ்களிலும் வெளியாகிறது. ஆனால் நாளிதழ் அறிவிப்பு ஆங்கிலத்திலும், நிறுவனத்தின் பதிவு அலுவலகமும் தலைமை அலுவலகமும் உள்ள இடங்களின் மொழியிலும் வெளியிடப்பட்டால் விதிப்படி கட்டாயம் நிறைவேறிவிடுகிறது. கணிசமான பணி நடைபெறும் பிற இடங்களிலும் வெளியிடுவது தீர்வு வல்லுநரின் கருத்தைப் பொறுத்தது. மும்பையில் பதிவான நிறுவனத்தின் அறிவிப்பு மராத்தியில் வெளிவந்தால், பாறசாலையில் மலையாள நாளிதழ் படிப்பவருக்கோ, களியக்காவிளையில் தமிழ் நாளிதழ் படிப்பவருக்கோ அது எட்டுவது அரிது. நாள் கடந்தபின் கோரிக்கையும் வலுவிழக்கும்.

செய்யத்தக்கவை

இக்குறையை நீக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. நொடித்த நிறுவனம் சேவை அளித்த ஒவ்வொரு விமான நிலையத்தின் சுற்றுவட்டார மொழிகளிலும் அறிவிப்பு வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம். திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை அது மலையாளமும் தமிழும் ஆகும். கேரளத்தின் அக்ஷயா மையங்களும் தமிழ்நாட்டின் இ-சேவை மையங்களும் கோரிக்கைப் படிவங்களை நிரப்பி அனுப்ப உதவலாம். வெளிநாடுவாழ் கேரளியர் நலனைக் கவனிக்கும் நோர்க்கா ரூட்ஸ் அமைப்பும், தமிழ்நாட்டின் அயலகத் தமிழர் நலத்துறையும் எல்லைப்புற மக்களுக்காக இணைந்து செயற்படலாம். பயணச்சீட்டு முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைத்து, பயணம் முடிந்தபின் நிறுவனத்துக்கு விடுவிக்கும் ஏற்பாடும் ஆராயத்தக்கது. அது நிறுவனத்தின் கைப்பணத்தைக் குறைக்கும் என்பதால், அதன் இரு பக்கங்களையும் சீர்தூக்கி முடிவு செய்தல் வேண்டும்.

பயணியும் தம் அளவில் பயணச்சீட்டு, பணம் செலுத்திய ரசீது, சேவை ரத்தான செய்தி ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்தல் நலம். முகவர் வழியே வாங்கியவர், பணம் யார் பெயரில் நிறுவனத்துக்குச் சென்றது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நொடிப்புச் சட்டத்தின் வெற்றி வங்கிகள் மீட்ட தொகையால் மட்டும் அளக்கப்படுவதன்று. விமானம் நிற்குமுன் நடவடிக்கை தொடங்கிற்றா, ஊழியரின் ஊதியம் கிடைத்ததா, எல்லைக் கிராமத்துத் தொழிலாளி கடன் வாங்கிச் செலுத்திய பயணப் பணத்தைக் கோர அவருக்கு வாய்ப்பேனும் கிட்டிற்றா என்பவையும் அதன் அளவுகோல்களாகும்.