கசியும் காற்றுக்குக் கணக்கு எழுதுபவர் யார்?

இல்லத்தில் வீணே எரியும் விளக்கை அணைப்பதற்கு ஒருவரேனும் இருப்பார். தொழிற்சாலையில் அப்பொறுப்பு யாருடையது? பல ஆலைகளில் இக்கேள்விக்கு விடையே கிடைப்பதில்லை.

மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 கிலோவாட் மின்சாரம் கொள்ளும் மோட்டார் ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடினால் 80,000 யூனிட் செலவாகும். யூனிட் 7 ரூபாய் என்று கொண்டால் 5,60,000 ரூபாய்! மோட்டாரின் விலை இதில் ஒரு சிறு பகுதியே. ஆயினும், கொள்முதல் செய்பவர் விலை மலிந்ததையே நாடுகிறார். அதற்காகப் பாராட்டும் பெறுகிறார். மின்கட்டணமோ வேறொரு ஏட்டில், வேறொருவர் பொறுப்பில் ஏறுகிறது.

அழுத்தக் காற்றின் நிலை இதனினும் மோசம். ஒழுகும் நீர் தரையை நனைக்கும். காற்று எதையும் நனைப்பதில்லை. அதன் சீறல் மேலாளரின் செவிக்கு எட்டுவதுமில்லை. பராமரிப்புக் குன்றிய ஆலைகளில் கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு கசிந்தே போகக்கூடும். விடுமுறை நாளில் பிற கருவிகளை நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓட்டிப் பார்த்தால் உண்மை புலப்படும். வருமானம் சுருங்கும்போது தொழிலாளியின் கூலியில் கைவைக்கத் துணிவோர், முதலில் இச்சோதனையைச் செய்து பார்க்கலாமே!

ஐ.எஸ்.ஓ. எனப்படும் பன்னாட்டுத் தர நிர்ணய நிறுவனம் 2011 ஜூன் திங்களில் வெளியிட்ட 50001 என்னும் தர விதிமுறை, இக்குறையையே கருதி எழுந்தது. இன்ன இயந்திரம் வாங்குக என்று அது கூறுவதில்லை. ஆற்றல் எங்கே மிகுதியாகச் செலவாகிறது என்று கண்டு, அதனை அளந்து, இலக்கும் பொறுப்பாளரும் குறிக்கச் சொல்கிறது. கொள்முதலிலும் ஆற்றல் செலவைக் கருதச் சொல்கிறது. உற்பத்தி குறைந்த மாதத்தில் கட்டணம் குறைவது சிக்கனமாகாது. ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்பதே கணக்கு.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ், ஆற்றலைப் பெருமளவில் நுகர்வனவாக அறிவிக்கப்பெற்ற ஆலைகள் ஆற்றல் மேலாளரை நியமித்தாக வேண்டும். பெரிய நூற்பாலைகளும் இவற்றுள் அடங்கும்.

எவ்வளவு சேமிக்க வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. விதிமுறை வரையறுக்கவில்லை, ஆலையே இலக்கை வகுக்கிறது. எளிய இலக்கொன்றை வைத்துச் சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொள்வோரும் இருக்கலாம். 2018-இல் திருத்தப்பெற்ற விதிமுறை, முன்னேற்றத்தைத் தொடர்ந்து மெய்ப்பிக்குமாறு கேட்கிறது. பணியாளர் எவரும் தம் யோசனையைத் தெரிவிக்க வழி செய்யப்படல் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. எக்குழாய் கசிகிறது என்பதை, அதனருகே நிற்கும் தொழிலாளியே முதலில் அறிவார்.