காற்று சுழற்றும் இறக்கை

பனை ஓலைக் காத்தாடியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடும் பிள்ளைக்குத் தெரியும், ஓட ஓடத்தான் அது சுற்றும் என்று. ஆடி மாதத்தில் திருக்கடையூர்ப் பக்கம் வயல்வெளியில் ஓடக்கூட வேண்டாம். மேல்காற்று அடிக்கிற அடியில் நின்ற இடத்திலேயே விர்ரென்று சுற்றும். ஜைரோபிளேன் என்கிற சின்ன விமானத்தின் தலைக்கு மேலிருக்கும் ரோட்டரும் இப்படிப்பட்ட காத்தாடிதான். பார்வைக்கு ஹெலிகாப்டர் போல இருக்கும். ஆனால் ஹெலிகாப்டரின் ரோட்டரை இன்ஜின் சுழற்றுகிறது. ஜைரோபிளேனின் இன்ஜினோ பெரும்பாலும் பின்னாலிருக்கும் ப்ரொப்பெல்லரைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளுவதோடு சரி. மேலே உள்ள நீண்ட தகடுகளைச் சுழற்றுவது, எதிரே வந்து அவற்றின் ஊடே கீழிருந்து மேலாகப் புகுந்து போகும் காற்று.

இதனால் ஒரு பெரிய லாபம். நடுவானில் இன்ஜின் நின்றுபோனாலும் ரோட்டர் நிற்காது. வண்டி இறங்க இறங்கக் காற்று கீழிருந்து பாய்ந்துகொண்டே இருக்கும், தகடுகளும் சுற்றிக்கொண்டே இருக்கும், தெரிந்த விமானி ஒரு சின்ன வெளியில் மெதுவாக இறக்கிவிடுவார். வானத்தில் இவ்வளவு பத்திரமான வண்டி, கிளம்பும்போது தரையில் ஓடும் அந்தச் சில விநாடிகளில் ஏன் கவிழ்கிறது? ஜைரோபிளேன் விபத்துகளில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கதைதான். விடை தேடினால் இந்த இயந்திரம் பிறந்த நாளுக்கே போக வேண்டியிருக்கிறது.

ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா 1919-இல் மூன்று இன்ஜின் வைத்த ஒரு குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தார். தாழ்வாகப் பறந்தபோது வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழந்து, அது விழுந்து நொறுங்கியது. வண்டியின் வேகம் குறைந்தாலும் தன் வேகம் குறையாத இறக்கை வேண்டும் என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். சுற்றுகிற இறக்கை அப்படித்தானே! 1920-இல் முதல் இயந்திரத்தைச் செய்தார். அது பக்கவாட்டில் சாய்ந்தது. அடுத்து வந்த இரண்டும் கொஞ்சம் துள்ளிப் பார்த்ததோடு சரி, பறக்கவில்லை. சுற்றும் இறக்கையில் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாகத் தூக்கியதுதான் காரணம்.

இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 8 மீட்டர் விட்டமுள்ள ரோட்டர் நிமிடத்துக்கு 350 சுற்று சுற்றினால், தகட்டின் நுனி மணிக்குச் சுமார் 528 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் முன்னே போகட்டும். முன்னோக்கிச் செல்லும் தகட்டின் நுனி 628 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைச் சந்திக்கும். பின்னோக்கி வரும் தகட்டின் நுனி 428-இல். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக ஒரு பக்கத்தில் மறு பக்கத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தூக்கல். வண்டி சாயாமல் என்ன செய்யும்?

சியர்வா கண்ட தீர்வு எளிமையானது. தகடுகளை மையத்தில் இறுக்கிக் கட்டாமல் கீல் வைத்து மாட்டினார். அதிகம் தூக்கப்படும் தகடு மேலே எழும்பும். எழும்பும்போதே அது காற்றைச் சந்திக்கும் கோணம் குறைந்து, தூக்கலும் குறையும். எதிர்ப் பக்கத் தகடு தாழும்போது கோணம் கூடி, தூக்கலும் கூடும். இரு பக்கமும் தானாகவே சமனாகிவிடும். 1923 ஜனவரியில் மாட்ரிட் அருகே ஹெதாஃபே விமானத்தளத்தில் அவருடைய நான்காவது இயந்திரம் பறந்தது. 1928 செப்டம்பரில் அவரே ஒன்றை ஓட்டிக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். இன்றைய ஹெலிகாப்டர்கள் பறப்பதற்கும் அந்தக் கீல் யோசனையே அடிப்படை. பறத்தலின் வரலாற்றில் இதைவிட அழகான தீர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கீலில் தொங்கும் தகட்டை விறைப்பாக நீட்டிப் பிடித்திருப்பது சுழற்சியின் மையவிலக்கு விசை மட்டும்தான். அது சுழற்சி வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். 350 சுற்றில் இருக்கும் பிடிப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட 100 சுற்றில் இருக்காது. தரை ஓட்டத்தின் ஆபத்து இங்கேதான். ரோட்டர் 100 சுற்றிலேயே இருக்கும்போது அவசரப்பட்டு வண்டியை 70 கிலோமீட்டர் வேகத்துக்கு விரட்டினால், முன்போகும் நுனிக்கு 221 கிலோமீட்டர், பின்வரும் நுனிக்கு 81. தூக்கல் வித்தியாசம் ஏழு மடங்கைத் தாண்டும். பின்வரும் தகட்டின் நடுப்பகுதிக்கு வேகமே இல்லை, 5 கிலோமீட்டர்தான். அந்தப் பக்கம் தூக்கல் அறுந்து தகடு சடாரென்று தாழும், எதிர்த் தகடு எகிறும். விமானியின் கையிலுள்ள ஸ்டிக் உதறும். அந்த உதறல்தான் எச்சரிக்கை. உடனே இன்ஜினைத் தணித்து ஸ்டிக்கை முன்னே தள்ளாவிட்டால், தகடு வாலையோ ப்ரொப்பெல்லரையோ தரையையோ அடிக்கும், வண்டி உருளும்.

ஆரம்ப நாட்களில் ரோட்டரில் கயிறு சுற்றி, ஆட்கள் இழுத்து முதல் சுழற்சியைக் கொடுத்தார்கள். இப்போது கிளம்பும் முன் இன்ஜினே அதைச் சுமார் 200 சுற்று வரை ஏற்றிவிட்டு, பிறகு இணைப்பை விட்டுவிடுகிறது. மீதியை ஓட்டத்தில் காற்றுதான் ஏற்ற வேண்டும். அதற்கு விமானி பொறுக்க வேண்டும்.

இன்னொரு தவறும் உண்டு. சக்கரம் தரையை விட்டதும் பறந்துவிட்டோம் என்று மூக்கைத் தூக்குவது. மெதுவாகப் போகும் ஜைரோபிளேனுக்குக் காற்றின் இழுவை மிக அதிகம். இன்ஜினின் முழு சக்தியும் அதை எதிர்ப்பதிலேயே செலவாகி, வண்டி மேலே ஏறாமல் அமுங்கி விழும். ஆள் உயரத்திலேயே சிறிது தூரம் நேராக ஓட்டி, வேகம் சேர்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும்.

காற்றின் திசையும் முக்கியம். எதிர்காற்று ரோட்டருக்கு உதவும், பின்காற்று அதைப் பட்டினி போடும், பக்கக்காற்று சாய்க்கும். நம் கடலோரத்தில் காலையில் மேல்காற்று வீசி, மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் திசையே நேர் எதிராகிவிடும். இங்கே ஒரு ஜைரோபிளேன் கிளம்பினால், காலையில் சரியாக இருந்த திசையே மாலையில் விபத்துக்கு வழியாகும்.

கிளம்பும் நேரத்து ஆபத்து மற்ற விமானங்களுக்கும் உண்டு. சியர்வாவே 1936 டிசம்பர் 9 அன்று லண்டன் அருகே கிராய்டனில், மூடுபனியில் கிளம்பிய சாதாரணப் பயணிகள் விமானம் ஒரு வீட்டின் மேல் மோதியதில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 41.

நம் நாட்டிலும் 2023-இல் ஹரித்வாரில் சுற்றுலாவுக்காக ஜைரோபிளேனைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். உங்களுக்கும் ஏற வாய்ப்பு வரலாம், பயப்படாமல் ஏறுங்கள். ஆனால் ப்ரொப்பெல்லர் உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் சுற்றுகிறது. நழுவும் பொருள் நேரே அதற்குள்தான் போகும். தோள் துண்டு, துப்பட்டா, தொப்பி, சட்டைப்பையில் இருக்கும் போன் எல்லாவற்றையும் கீழேயே கொடுத்துவிடுங்கள். விமானி ஓடுதள முனையில் நின்று ரோட்டர் சுற்று ஏறக் காத்திருக்கும்போது, "என்ன, இன்னும் கிளம்பலையா?" என்று மட்டும் கேட்காதீர்கள்.