உங்களுக்குத் தெரியுமா? முயல் கடிக்க எந்தக் குச்சி?

முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். தேயாமல் விட்டால் முன்பற்கள் ஓராண்டில் 10 செ.மீ.க்கு மேல் நீண்டுவிடும்!

● மேல் முன்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குட்டிப் பற்கள் ஒளிந்திருக்கும். எலிக்கு இவை கிடையாது. முயல் எலி இனம் அல்ல என்பதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

● கொடுக்கலாம்: மல்பெரி, ஆப்பிள், பேரி மரக்குச்சிகள். மருந்து தெளிக்காத மரமாக இருக்க வேண்டும். கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொடுங்கள்.

● கூடவே கூடாது: அரளி, எருக்கு, வெண்ணெய்ப்பழ மரம். மூன்றும் முயலுக்கு நஞ்சு.

● ஊட்டி, கொடைக்கானல் பக்கம் விளையும் பிளம், பீச் மரங்களிலும் கவனம் தேவை. பழம் இனிக்கும், ஆனால் பச்சை இலையையும் கிளையையும் மென்றால் சயனைடு உண்டாகும்.

● பெயின்ட், வார்னிஷ் பூசிய கட்டை, பசை போட்டு ஒட்டிய பிளைவுட் எதுவும் வேண்டாம்.

● முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போன நஞ்சை அதனால் கக்க இயலாது.

● குச்சி பொழுதுபோக்குக்குத்தான். கடைவாய்ப் பற்களைத் தேய்ப்பது பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான். அவை எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

எச்சில் ஒழுகினாலோ, தீனியைத் தொடாமல் இருந்தாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.