களம் நீங்கியோர் புகழை அளக்குமாறு

ஒருவர் களத்தில் நிற்குங்கால் அவரைப் புகழ்தலும் இகழ்தலும் எளிது. களம் விட்டு நீங்கிய பின்னர் அவர்தம் பெருமை இத்துணையது என்று அளந்துரைத்தல் அரிது. இவ்வுண்மையை அமெரிக்கக் காற்பந்தாட்டத்தின்கண் தெளிவாகக் காணலாம்.

அவ்வாட்டம் நம் நாட்டார் ஆடும் காற்பந்தன்று. இருமுனையுங் கூரிய பந்தைக் கையாற் பற்றியோடியும் எறிந்தும் எதிரியின் எல்லையிற் சேர்ப்பதே அதன் நோக்கம். ஒரு பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். அவருள் பந்தை முதற்கண் பெற்று, யாருக்கு எறிவது என நொடிப்பொழுதில் துணிபவர் ‘குவார்ட்டர்பேக்’ எனப்படுவார். அவர் படைத்தலைவரை ஒப்பவர் ஆதலின், வெற்றியும் தோல்வியும் அவர் பெயராலேயே எண்ணப்படுகின்றன. வழக்குப் பிறப்பதும் ஈண்டேயாம்.

வாகையே அளவுகோல் என்பர் ஒரு சாரார். இவர்க்கு டாம் பிரேடி ஒப்பற்றவர். 2000-ஆம் ஆண்டில் புதிய ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தபொழுது 199-ஆவதாக எடுக்கப்பட்ட அவர், 2023-இல் ஓய்வுறுமுன் ‘சூப்பர் பௌல்’ என்னும் இறுதிப் போட்டியை ஏழு முறை வென்றார். ஜோ மான்டனாவின் அன்பரோ இதற்கு உடன்படார். மான்டனா நான்கு முறை அப்போட்டியிற் புகுந்து நான்கிலும் வென்றார். அவர் எறிந்த பந்தொன்றையேனும் அந்நான்கிலும் எதிரணியார் இடைமறித்துப் பற்றிலர். பிரேடியோ பத்தில் மூன்று தோற்றவர்.

பலர் கூடிப் பெற்ற வெற்றியை ஒருவர்க்கே சூட்டுதல் முறையோ என வினவுவர் மற்றொரு சாரார். டான் மரீனோ 1984-இல் ஒரே பருவத்தில் 5,084 கெஜம் பந்தெறிந்தார். அதற்குமுன் எவரும் ஐயாயிரத்தை எட்டிலர். எனினும் அப்பருவத்து இறுதிப் போட்டியில் மான்டனாவின் அணிக்குத் தோற்ற அவர், பின்னர் ஒருகாலும் வாகை சூடினாரல்லர். 2001-இல் வென்ற பால்ட்டிமோர் அணியின் குவார்ட்டர்பேக் டிரென்ட் டில்ஃபர். அவ்வணியின் வலிமை பெரிதும் தடுப்பாட்டத்திலே இருந்தது. வாகை ஒன்றே அளவாயின் டில்ஃபரை மரீனோவினும் மேலாக வைத்தல் வேண்டும். அங்ஙனம் வைப்பார் அரியர்.

காலவேறுபாடும் கருதத்தக்கது. 1978-இல் விதிகள் மாறிப் பந்து பெறுவோரைத் தடுக்கும் உரிமை சுருங்கியது, எறிதல் எளிதாயிற்று. பதினான்காயிருந்த ஒரு பருவத்து ஆட்டங்கள் அவ்வாண்டே பதினாறாயின, 2021-இல் பதினேழாயின. ஆகவே ஜானி யூனைட்டஸ் போன்ற முன்னோரின் தொகைகளைப் பின்னோருடையவற்றோடு நேர்நிறுத்தல் பொருந்தாது.

இவற்றினும் ஆழ்ந்ததொன்றுண்டு. கறுப்பினத்தார் இவ்விடத்திற்கு ஆகார் என்னும் தப்பெண்ணம் நெடுங்காலம் நிலவியது. வாரன் மூனை 1978-இல் எவ்வணியும் தெரிந்தெடுத்திலது. அவர் கனடா சென்று, அந்நாட்டு வாகையைத் தம் அணியோடு ஐந்து முறை தொடர்ந்து பெற்று, 1984-இல்தான் ஹூஸ்டன் அணியிற் சேர்ந்தார். 2006-இல் ஒஹையோவின் கான்டன் நகரிலுள்ள புகழ்மாடத்தில் இடம்பெற்றார். இழந்த அவ்வாறு ஆண்டுகளை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது? வாய்ப்பே பெறாது மறைந்தார்க்கோ எண்ணென ஒன்றுமில்லை.

அப்புகழ்மாடத்திற்குரியார் ஓய்வுற்று ஐந்தாண்டு கழிந்த பின்னரே தெரியப்படுவர். ஈலை மானிங் இருமுறை இறுதிப் போட்டியிற் பிரேடியின் அணியை வென்றவர்; ஆயினும் பருவத்துப் பொது ஆட்டங்களில் அவர் வென்றன 117, தோற்றன 117. 2025-இல், தகுதியெய்திய முதலாண்டில், அவர் தெரியப்பட்டிலர். அருஞ்சமயத்துத் திறம் பெரிதோ, நாடோறும் நின்ற நிலை பெரிதோ என்னும் வினா இவர் பொருட்டு மீண்டும் எழுந்தது.

எமது துணிபு இது: ஒருவர் என் செய்தார் என்பதோடு, யாருடன் செய்தார், எவ்விதியின் கீழ்ச் செய்தார், எத்துணை வாய்ப்புப் பெற்றுச் செய்தார் என்னும் மூன்றனையும் வினவுதல் வேண்டும். வினவின், முதல்வர் இவரே எனத் துணிதல் கடினமாகும். எனினும் எவர்க்கும் அநீதி இழையாமை கைகூடும். புகழை அளக்கப் புகுவார்க்கு அதுவே முதற்கடன் அன்றோ?